ஷவ் என்னும் வினைச்சொல்

ஆங்கில பாஷையில் தள்ளுதலைக் குறிக்கும் வினைகள் பல இருப்பினும், ‘ஷவ்’ என்பதைப் போலத் தான் வந்து நிற்கும் சந்தர்ப்பத்தாலேயே தன் குணத்தை வெளிப்படுத்தும் சொல் அவற்றுள் வேறில்லை என்பது என் எண்ணம். அகராதியில் ‘முரட்டுத்தனமாகத் தள்ளு’ என்ற ஒற்றை வரியை மனனம் செய்துகொண்டு ஆங்கில நூல்களுக்குள் நுழையும் மாணவன், அச்சொல்லின் பூர்வ கௌரவத்தை அறியாமலே போகிறான்.

சுமார் 1000-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஒரே கையெழுத்துப் பிரதியின் வாயிலாக நமக்குக் கிடைத்திருக்கும் ‘பியோவுல்ஃப்’ என்னும் புராதன வீரகாவியத்தில், கடற்பயணம் புறப்படும் வீரர்கள் தம் மரக்கலத்தை நீருக்குள் செலுத்துவதற்கும், மாண்டுகிடக்கும் தீ உமிழும் சர்ப்பத்தைச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் வீழ்த்துவதற்கும் இவ்வினையின் பழைய வடிவமே ஆளப்படுகிறது. அவ்வளவேயன்றி, உதயத்தின் ஒளி விரைந்து முன்செலுத்தப்பட்டது என்று சொல்லவும் அக்கவிஞர் இதே சொல்லைத்தான் நாடினார். ஒளியைச் செலுத்தும் சக்தியைப் பேசத் தகுந்ததாயிருந்த சொல்லில் முரட்டுத்தனத்தின் சாயல் அன்று எங்கே இருந்திருக்கும்?

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த பின், பிரெஞ்சின் வழியாக லத்தீன் வம்சத்துப் ‘புஷ்’ வந்து சேர்ந்தது. கதவு, வண்டி, குழந்தையின் தள்ளுவண்டி என்று நிதானமான காரியங்களையெல்லாம் புதிய சொல் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்ள, பழைய சொல்லுக்கு அவசரமும் அலட்சியமுமே பாகமாக எஞ்சின என்று கருதுகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது பலத்தின் அளவன்று. மேட்டில் குழந்தையின் வண்டியைத் தன் முழு வலிமையும் கொண்டு ஏற்றும் தாயின் செயலை எந்த ஆங்கிலேயரும் ‘ஷவ்’ என்று சொல்லமாட்டார். ஆனால், விருந்தினர் வரும் ஓசை கேட்டு, மேசைமேல் சிதறிக்கிடந்த காகிதங்களை அள்ளி இழுப்பறைக்குள் திணிப்பவன் செய்வது ‘ஷவ்’ தான். அங்கே பலாத்காரம் இல்லை, துன்புற்றவர் எவருமில்லை. எப்படிப் போய் விழுந்தாலும் சரி என்னும் மனோபாவம் மட்டுமே இருக்கிறது. ஜனத்திரளில் பிறரை இடித்துக்கொண்டு முன்னேறுபவனுக்கு இச்சொல் பொருந்துவதும் அந்த மனோபாவத்தாலேயே. ‘புஷ்’ முற்றி ‘ஷவ்’ ஆகும் தருணம் என்று, நெருக்கடி உச்சமடைவதைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் மரபுத்தொடரும் இவ்விரண்டின் தாரதம்மியத்தை நன்கு காட்டுகிறது.

பின்னால் ஒட்டும் சிறு சொல்லும் பொருளை மாற்றிவிடும். ‘ஷவ் ஆஃப்’ என்பது படகோட்டியின் வாயில் கரையை விட்டுப் படகை விலக்குதல். கோபங்கொண்டவன் வாயிலோ ‘தொலைந்து போ’ என்னும் ஏச்சு. ‘ஷவ் அப்’ என்பதோ, பெஞ்சில் நெருங்கி அமர்ந்திருக்கும் சிநேகிதர்களிடம், ‘கொஞ்சம் நகர்ந்து உட்காரப்பா’ என்று உரிமையோடு இடம் கேட்பது. அறிமுகமற்ற பெரியவரிடம் அதையே சொன்னால் அவமரியாதை.