நாவும் நாசியும்

அருணகிரிநாதரின் ஊர் என்று போற்றப்படும் திருவண்ணாமலையில், அவர் பாடிய கந்தர் அந்தாதியின் 54-ஆம் செய்யுளை ஒரு முறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவர்கள், நாக்கு என்னும் அவயவத்துக்கு எத்தனை வலிமையும் லாவகமும் வேண்டும் என்பதைத் தாமாகவே உணர்ந்திருப்பார்கள். செய்யுள் முழுவதும் தகர வருக்கத்து எழுத்துக்களே. ஒவ்வொன்றுக்கும் நுனிநா மேற்பல்லின் அடியைத் தொட்டு மீளவேண்டும். உந்தியிலிருந்து எழும் காற்று எழுத்தாகப் பிறப்பதற்குத் துணைபுரியும் உறுப்புக்களாக, பல், இதழ், நா, அண்ணம் ஆகியவற்றோடு மூக்கையும் சேர்த்தே எண்ணினார் தொல்காப்பியர். அந்த மூக்கு அடைபட்டு, குழந்தை வாயினால் மூச்சுவிடப் பழகிவிட்டால், நாவும் அண்ணமும் கூடவே கெடுகின்றன என்பதை நம் பெற்றோர் பலர் இன்னும் அறியார்.

சுபாவமாகச் சுவாசம் நடப்பது நாசி வழியேதான். பிறந்த சிசு பால் அருந்தும்போதும் மூக்கினாலேயே மூச்சு விடுகிறது. உதடுகள் மூடியிருக்கும் வேளையில் நாக்கு சும்மா கிடப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், குயவன் ஒரு கையைச் சட்டியின் உட்புறம் தாங்கலாகக் கொடுத்து மறு கையால் வெளிப்புறத்தைத் தட்டி உருவமைப்பது போல, அது மேலண்ணத்தின்மீது படிந்து, வெளியிலிருந்து அழுத்தும் கன்னங்களுக்கு உள்ளிருந்து ஈடுகொடுத்து, வளரும் எலும்பை அகலமான வளைவாக அமைத்துக்கொண்டிருக்கிறது. வாய் எந்நேரமும் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், தாங்கலற்ற மேலண்ணம் குறுகி உயரும், பற்கள் இடமின்றி நெருக்குண்டு கோணும், முகமும் நீண்டுபோகும். மேலெழுந்து அழுத்தும் அப்பியாசத்தை இழந்த நாக்கும் பலம் குன்றுகிறது. காற்றடைத்த சிறு குமிழை நாவினால் அண்ணத்தோடு அழுத்தச் செய்து அளக்கும் பரிசோதனைகளில், வாயால் சுவாசிக்கும் குழந்தைகளின் நாவழுத்தம் மற்றக் குழந்தைகளினுடையதைவிடக் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. இத்தகைய குழந்தைகளுள் சிலர் உணவை நன்கு மெல்லாமல் விழுங்குவதும், தகர சகரங்களை உச்சரிக்கையில் நாவைப் பல்லிடுக்கில் நீட்டுவதும் இதனோடு சம்பந்தமுடையவை.

குழந்தைகளின் மூச்சுவழியை அடைக்கும், மூக்கின் பின்புறம் வளரும் சதையை 1868-இல் விவரித்தவர் டென்மார்க் தேசத்து வைத்தியர் வில்ஹெல்ம் மேயர். கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்டு என்னும் ஆராய்ச்சியாளர், இளங்குரங்குகளின் நாசியை அடைத்துவைத்து, தாடையும் பல்வரிசையும் பிறழ்வதைக் கண்டார். பிறழ்ந்த விதம் குரங்குக்குக் குரங்கு வேறுபட்டது. பற்கள் கோணுவதற்குப் பரம்பரையும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பரம்பரையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, அடைபட்ட மூக்கைப் பாராமல் விடுவதை எவ்வாறு பொறுப்பது!

தீபத் திருநாளை ஒட்டிய மழையிலும் பனியிலும் மலையடிவாரத்துக் குழந்தைகளுக்குச் சளி பிடிப்பது சகஜம். அது சில நாளில் நீங்கும். மாதக்கணக்கில் வாய் பிளந்து உறங்கி, குறட்டைவிட்டு, தலையணையை எச்சிலால் நனைத்து, காலையில் அயர்ச்சியோடு எழும் குழந்தையின் நிலை வேறு. பள்ளியில் அவனை மந்தன் என்கிறார்கள். வீட்டிலோ, "வாயை மூடடா" என்று அதட்டுகிறார்கள். நித்திரை கெட்ட பாலகன் பாடத்தில் எங்ஙனம் மனம் செலுத்துவான்? காற்றுக்கு வேறு வழியில்லாதவன் எதற்காக வாயை மூடுவான்? மூக்கின் பின்புறச் சதை பெரும்பாலும் 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையே பருத்து, பின்னர் தானே சுருங்குவது என்பது மெய்யே. எனினும், தாடை வளரும் காலமும் அதுவே ஆதலால், காத்திருப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது.

ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டி, அடைப்புக்குக் காரணம் ஒவ்வாமையா, சதையா, டான்சில் வீக்கமா என்று அறிந்து சிகிச்சை செய்யவேண்டும். மேலண்ணம் குறுகியிருந்தால் பல் வைத்தியரால் அதைச் சிறுவயதிலேயே விரிக்க முடியும். வழி திறந்த பின்னும் பழக்கம் நீடிக்குமாயின், நாவை அண்ணத்தில் பதித்து வைக்கும் பயிற்சியைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்கலாம். அடைப்பு நீங்குமுன் பயிற்சி மட்டும் பலன் தராது. இரவில் குழந்தையின் உதட்டை டேப்பினால் ஒட்டிவிடும் புதிய வழக்கமோ அபாயகரமானது. அதை ஒருபோதும் செய்யலாகாது.