நாற்பதில் ஒரு பங்கு

சம்பாத்தியமே இல்லாதவரும் ஏப்ரல் 30-க்குள் வருமான வரிப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் முடித்திருந்தேன்; தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் சிபிபி எனப்படும் கனடா பென்ஷன் திட்டத்தை எழுதுவதாக வாக்கு. ஆனால் முன்னுரையில் இரண்டு வரி சொல்லலாமென்று எடுத்த 1977-ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத் திருத்தம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. சிபிபி ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

பென்ஷன் என்றால் நம் ஊரில் உத்தியோகம் பார்த்தவருக்கு வருவது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததா, எத்தனை வருட சர்வீஸ், கடைசிச் சம்பளம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. இந்த எண்ணத்தோடு கனடாவுக்கு வந்து இறங்குகிறவர், “நான் இங்கே வேலைக்கே போகவில்லை, எனக்கேது பென்ஷன்?” என்று தானே முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் ஓஏஎஸ் எனப்படும் முதியோர் ஓய்வூதியம் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு இந்த நாட்டில் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள் என்று மட்டுமே கேட்கிறது. நாற்பது ஆண்டு என்றால் முழுத்தொகை. அதற்குக் குறைந்தால் ஆண்டுக்கு நாற்பதில் ஒரு பங்கு. பத்து ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் கடைசியில் 65 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு முழுத்தொகை மாதம் சுமார் 727 டாலர். பத்து ஆண்டு இருந்தவருக்கு அதில் கால்வாசி, ஏறத்தாழ 182 டாலர். இங்கே சட்டத்தின் கறார் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முழு ஆண்டுகளுக்குத்தான் மதிப்பு. பதினான்கு ஆண்டு பதினொரு மாதம் என்பது பதினான்குதான். பகுதித் தொகை ஒருமுறை அனுமதிக்கப்பட்டுவிட்டால், பிறகு எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்தப் பங்கு ஏறாது. விலைவாசிக்கு ஏற்பத் தொகை கூடும், பின்னம் மாறாது.

இந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட கதை. 1926 ஜனவரியில் பிரதமர் மெக்கன்சி கிங்கின் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ஜே.எஸ். உட்ஸ்வொர்த், ஏ.ஏ. ஹீப்ஸ் என்ற இரண்டே இரண்டு தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள், முதியோருக்கு ஓய்வூதியம் தந்தால் ஆதரவு என்று பேரம் பேசினார்கள். கிங் எழுத்திலேயே உறுதி கொடுத்தார். அந்த ஆண்டு செனட் மசோதாவைத் தள்ளிவிட, 1927-இல் சட்டம் வந்தது. (ஹீப்ஸ் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர் என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.) எழுபது வயதானவருக்கு மாதம் அதிகபட்சம் 20 டாலர்; பிரிட்டிஷ் பிரஜையாக, இருபது ஆண்டு கனடாவில் குடியிருந்தவராக, ஏழையென்று நிரூபித்தவராக இருக்க வேண்டும். பூர்வகுடி மக்களில், கனடாவின் ‘இந்தியன் ஆக்ட்’ சட்டத்தின் கீழ்ப் பதிவானவர்களுக்கு அதுவும் கிடையாது. 1952-இல் ஏழ்மைப் பரிசோதனை போயிற்று. எழுபது வயதான எல்லோருக்கும் மாதம் 40 டாலர் என்றானது. வயது வரம்பு 1970-க்குள் படிப்படியாக 65-க்கு இறங்கியது. குடியிருப்புக் கணக்கு மட்டும் வெகுகாலம் கோணலாகவே இருந்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளைத் தொடர்ச்சியாகக் கனடாவில் கழித்தவருக்கு முழுத்தொகை. முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு வயதான காலத்தில் வெளிநாடு போனவருக்கு ஒன்றுமில்லாமலும் போகலாம். 1977 ஜூலை 1 முதல் வந்த திருத்தம்தான் இதை நாற்பது கூறுகளாகப் பிரித்தது.

அந்தத் திருத்தத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, படிக்கப் படிக்கச் சுவை. அந்த ஜூலை முதல் நாளில் 25 வயது நிரம்பியவர் கனடாவில் குடியிருந்தாலும், பதினெட்டு வயதுக்குப் பிறகு முன்பு எப்போதாவது குடியிருந்திருந்தாலும், பழைய விதியின்படி முழுத்தொகை பெறலாம். கனடாவில் காலே வைக்காதவர்கூட, அன்று செல்லுபடியாகும் குடியேற்ற விசா கையில் வைத்திருந்தால் போதும். தூதரகம் குத்திய ஒரு முத்திரை, பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் ஓய்வூதியத்தில் பல மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கியது. ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பிறகு வந்தவர்கள்; அவர்களுக்கு இந்தச் சலுகை எட்டவில்லை. 1984-இல் முப்பது வயதில் வந்து இறங்கியவர் 2019-இல் 65-ஐத் தொட்டபோது கையில் இருந்தது நாற்பதில் முப்பத்தைந்து. விதியே அப்படி, அதிகாரி யாரும் குறைத்துவிடவில்லை.

குடியிருப்பை மட்டுமே கணக்கில் எடுப்பதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, நியாயமாகவே கேட்கப்படுவது. முப்பது ஆண்டு தொழிற்சாலையில் உழைத்து வரி கட்டியவரும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து வீட்டோடு இருந்த அம்மாவும் ஒரே அளவுகோலில் நிற்பதா? ஒரே அளவுகோல்தான். அந்த அம்மாவின் நாட்களும் நாட்கள்தான் என்று சட்டம் வேண்டுமென்றே வைத்திருக்கிறது. உழைப்புக்கான கணக்கு சிபிபியில் தனியாக நடக்கிறது. ஓஏஎஸ்ஸுக்கான பணம் சந்தாவிலிருந்து வருவதில்லை, பொது வருவாயிலிருந்து வருகிறது. கடையில் சாமான் வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டாத குடியிருப்பாளர் யார்? வந்த மறுநாளே யாரும் கை நீட்டிவிடவும் முடியாது. கியூபெக் தவிர்த்த மாகாணங்களில், பெற்றோரை ஸ்பான்சர் செய்யும் பிள்ளை இருபது ஆண்டுக்கு அவர்களைப் பராமரிப்பதாகக் கையெழுத்திடுகிறது; இடையில் அவர்கள் சமூக உதவித்தொகை வாங்கினால் பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் மேல், பத்து ஆண்டில் கிடைப்பது கால்வாசி. இதை ஊதாரித்தனம் என்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு தயக்கம் வேறு வகை. குடியிருப்புதான் கணக்கு என்றால் வரிப் படிவம் எதற்கு, ஊரில் உள்ள நிலத்தை நாமே போய்க் காட்டிக்கொடுப்பானேன் என்பது. முதல் படிவத்திலேயே கனடாவில் குடியிருப்பாளரான தேதியை எழுதச் சொல்கிறார்கள். அதன்பின் ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம் நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு ஒரு சாட்சி. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு ஓஏஎஸ்ஸோடு சேர்த்து வழங்கும் துணைத்தொகையை நிர்ணயிப்பதும் இதே படிவத்தின் வருமானக் கணக்குதான். குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகைக்குக் கணவன் மனைவி இருவருமே கொடுத்தாக வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை பயம் பெரிது, விஷயம் சிறிது. குடியிருப்பாளரான நாளின் சந்தை மதிப்பையே அந்தச் சொத்தின் வாங்கிய விலையாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதுவரை ஏறிய விலைக்குக் கனடாவில் வரி இல்லை, அதற்கு மேல் ஏறுவதற்குத்தான். இலங்கையோடும் இந்தியாவோடும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வந்த நாளின் மதிப்புக்கு ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்வது எந்தக் கணக்காளரும் சொல்லும் யோசனை.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு நாற்பதைவிட இருபதுதான் முக்கியமான எண். இருபது ஆண்டு குடியிருந்தவர் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ நிரந்தரமாகத் தங்கினாலும் ஓஏஎஸ் தொடர்ந்து வரும். பத்தொன்பது ஆண்டோடு கிளம்பினால் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். துணைத்தொகை மட்டும் யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் வராது. இந்தியாவோடு 2015 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம், பத்து ஆண்டு எட்டாதவர்களுக்குத் தகுதி வாசலைக் கடக்க உதவலாம். தொகை மட்டும் கனடாவில் இருந்த ஆண்டுகளுக்கே; ஆறு ஆண்டு என்றால் நாற்பதில் ஆறு.

அடுத்த வாரம் கட்டாயம் சிபிபி: சம்பளச் சீட்டில் பிடிக்கும் 5.95 சதவீதம், முதலாளி போடும் அதே அளவு, அறுபது வயதில் எடுப்பதா எழுபதில் எடுப்பதா என்ற வீட்டுச் சண்டை. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். காலாவதியான கடவுச்சீட்டுகள், வந்து இறங்கிய நாளின் தாள்கள், வரித்துறை ஆண்டுதோறும் அனுப்பிய மதிப்பீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அம்மா அப்பாவுக்குத் தனி உறை.