கொடி சொன்ன பொய்

முற்றுகைக் கடல் – 9

1862 செப்டம்பர் 4, மாலை. அலபாமா மாநிலத்தின் மொபைல் வளைகுடா வாயிலை நோக்கி ஒரு நீராவிக் கப்பல் நேராக வந்துகொண்டிருந்தது. இரண்டு புகைபோக்கிகள், பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கே உரிய வடிவம், மேலே பிரிட்டிஷ் கொடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டுக் காவல் நின்ற வடக்குத் தரப்பின் ‘ஒனைடா’ போர்க்கப்பலில் கமாண்டர் ஜார்ஜ் ஹென்றி பிரெபிள் அதைப் பார்த்துப் பதறவில்லை. முற்றுகை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பார்த்துப் போக பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வருவது வழக்கம்தான்.

அவர் சுடத் தயங்கியதற்கு வலுவான காரணமும் இருந்தது. பத்து மாதங்களுக்கு முன், 1861 நவம்பரில், வடக்குக் கடற்படையின் கேப்டன் வில்க்ஸ் ‘ட்ரென்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை நடுக்கடலில் மறித்துத் தெற்கின் இரு தூதர்களைச் சிறைபிடித்திருந்தார். கனடாவுக்குப் படை அனுப்பும் அளவுக்குப் பிரிட்டன் கொதித்தது. கடைசியில் லிங்கன் அரசு தூதர்களை விடுவித்துத்தான் மூச்சுவிட்டது. தபால் கப்பலுக்கே இந்தப் பாடு என்றால், போர்க்கப்பலைச் சுட்டால் என்ன ஆகும்?

மறுபக்கம், விட்டுவிடவும் முடியாது. அறிவித்தால் மட்டும் முற்றுகை ஆகிவிடாது, அதை நிலைநாட்டும் படை அங்கே நிற்கவேண்டும் என்பது 1856 பாரிஸ் பிரகடனத்தின் விதி. தப்பி நுழையும் ஒவ்வொரு கப்பலும் முற்றுகை செல்லாது என்பவர்களின் வாதத்துக்குச் சான்று. 1861 ஏப்ரலில் லிங்கன் அறிவித்த முற்றுகை சுமார் 5,600 கிலோமீட்டர் கரையைக் காக்கவேண்டியிருந்தது.

பிரெபிள் முதலில் எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டார். கப்பல் நிற்கவில்லை. பிறகே பக்கவாட்டுப் பீரங்கிகள் மொத்தமாக முழங்கின. குண்டுகள் உயரமாகப் பறந்து கயிறுகளையும் படகுகளையும் சிதைத்தன. பீரங்கிகளைச் சற்றுத் தாழ்த்தியிருந்தால் தன் கப்பலின் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று எதிரித் தளபதியே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கப்பல் லிவர்பூலில் கட்டப்பட்ட, தெற்குத் தரப்பின் போர்க்கப்பல் ‘ஃப்ளோரிடா’. தளபதி ஜான் நியூலண்ட் மாஃபிட், ஒரு காலத்தில் பிரெபிளைப் போலவே அமெரிக்கக் கடற்படை அதிகாரி. கப்பலில் மஞ்சள் காய்ச்சல். அவரே நோயோடுதான் நின்றார். பீரங்கிகள் இருந்தும் குண்டு திணிக்கும் கருவிகள் இல்லாததால் ஒன்றைக்கூடச் சுட முடியவில்லை. 11 அங்குல குண்டு ஒன்று பக்கச்சுவரைத் துளைத்துப் புகுந்து ஒருவரைக் கொன்றது, ஆனால் வெடிக்கவில்லை. ‘ஒனைடா’ சுடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ‘ஒனைடா’வை விஞ்சும் வேகத்தில் ‘ஃப்ளோரிடா’ தெற்கின் வசமிருந்த மோர்கன் கோட்டையின் பீரங்கி நிழலுக்குள் சேர்ந்தது.

செப்டம்பர் 20 அன்று, விசாரணை ஏதுமின்றி, பிரெபிள் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டார். கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸுக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. புகழ்பெற்ற கொமடோர் எட்வர்ட் பிரெபிளின் சகோதரர் மகன் என்ற பெருமையும் காப்பாற்றவில்லை.

1863 பிப்ரவரியில் பதவி திரும்பக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு மதேராத் தீவின் ஃபுன்சாலில் அதே ‘ஃப்ளோரிடா’ அவர் கண்ணில் பட்டது. இம்முறை அவரிடம் இருந்தது ‘செயின்ட் லூயிஸ்’ என்ற பாய்மரக் கப்பல். நீராவிக் கப்பலை அதைக் கொண்டு துரத்துவது நடக்கிற காரியமா?

1872இல்தான் விசாரணை மன்றம் அவர்மீது விழுந்த பழியைத் துடைத்தது. அதே ஆண்டு அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. பொருள்: அமெரிக்கக் கொடியின் வரலாறு! 1876இல் ரியர் அட்மிரல் ஆனார்.

பிரெபிள் கெட்டிக்காரரா, தயங்கியவரா என்று இன்றும் வாதிடலாம். என் பார்வையில் குற்றம் அவருக்குக் கிடைத்த ஆணையில் இருந்தது. பிரிட்டனைச் சீண்டாதே, யாரையும் உள்ளே விடாதே என்ற இரண்டையும் வாஷிங்டன் ஒரே மூச்சில் சொன்னது. இரண்டும் மோதினால் எதைக் கைவிடுவது என்று மட்டும் சொல்லவில்லை. ‘ட்ரென்ட்’ விவகாரத்தைத் தீர்க்க அமைச்சர்களுக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. பிரெபிளுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள்.

மொபைலுக்குள் பதுங்கிய ‘ஃப்ளோரிடா’ 1863 ஜனவரியில் ஒரு புயலிரவில் அதே வாயில் வழியாக வெளியேறியது. இம்முறை காவலில் பிரெபிள் இல்லை. அதன் பீரங்கிகளும் சுடத் தயாராக இருந்தன. அந்த இரவை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)