கொடைக்கானலில் உடைந்த தெர்மாமீட்டர்கள்

கொடைக்கானல் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? ஏரியில் படகு, தூண் பாறை, குளிருக்குச் சுடச்சுட ஒரு சோளக்கதிர். அதே ஊரில் ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் தயாரானது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேருக்கு ஒரு பாட்டு மூலம்தான் தெரியும். 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடல் சில நாட்களில் லட்சக்கணக்கான செல்போன்களை எட்டியது. அதற்கு முன்பு பதினான்கு வருடம் தொழிலாளர்கள் தொண்டை கிழியக் கத்தியது மலையை விட்டு அதிகம் கீழே இறங்கவில்லை.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1983 வாக்கில் கொடைக்கானலுக்கு வந்தது. கொண்டுவந்தது செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். ஆமாம், முகத்துக்குப் பூசும் அதே பாண்ட்ஸ்தான். 1987-ல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்க, பின்னாளில் இந்த ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. இங்கே தங்கியவை கூலியும் கழிவும் மட்டும்தான். கூலி மலிவாகவும் கேள்வி குறைவாகவும் இருக்கும் இடத்தைத் தேடி முதலாளித்துவம் போகும் என்று இடதுசாரிகள் சொல்லும்போது சிலர் கொட்டாவி விடுவார்கள். இந்த ஆலை வந்த வழியை ஒருமுறை வரைபடத்தில் பார்த்தால் கொட்டாவி வராது.

தெர்மாமீட்டர் உடைந்து உருண்டோடிய வெள்ளிக் குண்டுமணிகளை விரலால் நகர்த்தி விளையாடிய தலைமுறை நம்முடையது. ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவுதான். ஆலையில் அது கிலோ கணக்கில் கையாளப்பட்டது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த ஆவிக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் உடம்பிலேயே தங்கிவிடும். சிறுநீரகத்தையும் நரம்புகளையும் அது தாக்கும். கை நடுங்கும், ஈறு வீங்கும், மறதி வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். (இன்னும் வீட்டில் பழைய தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளைச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள்.)

தொழிலாளிக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கும் பாதரசம் சில மாதங்களிலேயே குறைந்துவிடும். கெட்டுப்போன சிறுநீரகம் அப்படித் திரும்பி வராது. வேலையை விட்டுச் சில வருடம் கழித்துப் பரிசோதித்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். வேலையில் இருந்தபோது எடுத்த பரிசோதனைத் தாள்கள் யாரிடம் இருக்கும்? நிர்வாகத்திடம். தொழிற்சாலைகள் சட்டத்தில் பாதரச நச்சு, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயாக இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் வந்த திருத்தம், ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றி வசிப்பவர்களுக்கும் நிர்வாகம் சொல்லியே ஆக வேண்டும் என்றது. சட்டம் இருந்தும், நோயை நிரூபிக்கும் பாரம் என்னவோ தொழிலாளியின் தலையில்தான் விழுந்தது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக்கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்கள் டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலும் கிரீன்பீஸும் தொழிலாளர்களும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. தன் விதிமுறைகளை மீறித்தான் கழிவு விற்கப்பட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை நம் துறைமுகங்களில் வந்து இறங்குவதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். எதிர்த்திசையில் குப்பை போனது அபூர்வம். அது போராட்டத்தின் பலன்.

உடல்நலப் பிரச்சினை அவ்வளவு சீக்கிரம் கப்பலேறவில்லை. 2006-ல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் கடைசி வரை சொன்னது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழுவோ, தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதாகக் கருத ஆதாரம் இருக்கிறது என்றது. பாட்டு வந்து எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. நிறுவனத்தின் கணக்கில் அது மனிதாபிமான உதவி. ஆலை மூடிய நாளிலிருந்து எண்ணினால் பதினைந்து வருடம். இடையில் இறந்துபோனவர்களுக்காகக் குடும்பத்தினர் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மிச்சம் இருப்பது மண். ஆலை நின்ற இடம் பாம்பார் சோலையின் விளிம்பு. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாகக் கொட்டுகிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் இங்கே ஏற்கப்பட்டது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு இதைவிடப் பல மடங்கு கடுமையான அளவு இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். சோலைக்காட்டுச் சரிவில் ஆழமாகத் தோண்டினால் மரமும் மண்ணும் சரிந்துவிடும் என்ற மறுபக்க வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அந்த வாதத்தை எடுத்து வைத்தது செலவைக் கொடுக்க வேண்டிய தரப்பு என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.

2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்துகொள்ள, சோஃபியா இன்னொரு பாட்டுப் பாடினார். இந்த முறை கேட்டது பணமல்ல, சுத்தமான மண். அதே வருடம் இந்தியா, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை முறைப்படி ஏற்றது. உடன்படிக்கைக்குப் பெயர் கொடுத்த ஜப்பானிய ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதர்களைத் தாக்கியது வெளியே தெரிந்தது 1956-ல். அங்கே பாதிக்கப்பட்டவர்களின் வழக்குகள் இந்த நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருக்கின்றன.