அருணோதயம்: ஈஸ்டர்க் காலத்திற் பிறந்த பிள்ளைக்கு ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெற்றோர் அளிக்கும் முதற் செல்வம் பெயரேயாம். வீடும் நிலமும் கைமாறலாம். பெயரோ உடையவனோடு இறுதிவரை நிற்பது. ஆதலின் அதனை ஆராய்ந்து இடுதல் அறிவுடையோர் கடன். திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரிலே, கிறிஸ்தவ இல்லமொன்றில், ஈஸ்டர்த் திருநாளையொட்டிக் குழந்தை பிறப்பின் அதற்கு யாது பெயர் பொருந்தும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். சபைகள் யாவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இத்திருநாளைக் கொண்டாடுதல் வேண்டுமென 325-ஆம் ஆண்டில் நைசியாவிற் கூடிய சங்கம் முடிவு செய்தது. பின்னர் நிலைபெற்ற கணக்கின்படி, மார்ச்சு 21-ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். அப்பௌர்ணமி பெரும்பாலும் நம் பங்குனிப் பௌர்ணமியாகவே அமைகின்றது. 2024-ஆம் ஆண்டில் நிலவு மார்ச்சு 25-ஆம் நாள் நிறைந்தது. ஈஸ்டர் மார்ச்சு 31-ஆம் நாள் வந்தது. எந்த நிலவொளியில் அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வழியை மக்கள் திரளாய் வலம் வருகின்றனரோ, அந்த நிலவை எண்ணியே தேவாலய மணியும் ஒலிக்கின்றது.

இனி, பருவத்தை நோக்குவோம். மேனாட்டார்க்கு வசந்தமாவது பனி உருகிப் பூமி விழிக்கும் காலம். அதனால் அவர்கள் டாஃபடில், லில்லி முதலிய மலர்களின் பெயரைத் தம் பெண்மக்களுக்கு இடுகின்றனர். நமக்கோ சித்திரையும் வைகாசியுமே இளவேனில். வேம்பு பூத்து மணப்பதும், மாமரம் காய்த்துத் தாழ்வதும், கொன்றை பொன் சொரிவதும் நாம் காணும் வசந்தம். தான் ஒருநாளும் கண்டறியாத மலரின் பெயரைச் சுமப்பதினும், வசந்தா, மலர், தளிர் என்னும் பெயர்களை ஏற்பது நம் குழந்தைக்கு இனிதன்றோ?

திருநாளைக் குறிக்கும் பெயர்களும் உள. எபிரேயரின் 'பெசாக்' என்னும் பண்டிகைப் பெயரினின்று 'பாஸ்கா' என்பதும், அதன்வழியே 'பஸ்கால்' என்னும் பிரெஞ்சுப் பெயரும் பிறந்தன. திருவண்ணாமலையில் தம் மிஷனின் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளியை நிறுவிய டேனிஷ் நாட்டாரும் தம் மொழியில் இத்திருநாளை 'போஸ்க' என்றே வழங்குவர். 'அனஸ்தாசியா' என்பதற்கோ கிரேக்க மொழியில் உயிர்த்தெழுதல் என்பதே அடிப்பொருள். ஆயின் ஈஸ்டரின் நினைவாக 'எஸ்தர்' என்று பெயரிடுவோர் ஒன்றறிதல் வேண்டும். எஸ்தர் என்பவள் யூத குலத்து அரசி. அவள் பெயர்க்கும் இத்திருநாளுக்கும் ஒலியொப்புமை ஒன்றேயன்றிப் பிறிதோர் உறவில்லை.

அங்ஙனமாயின் 'ஈஸ்டர்' என்னும் சொல் யாது? ஆங்கில நாட்டுத் துறவியாராகிய பீட் என்பவர் 725-ஆம் ஆண்டில் இயற்றிய காலநூலில், 'ஈஸ்டர்' என்னும் தேவதையின் பெயரால் ஒரு மாதம் வழங்கியதென்றும், அம்மாதப் பெயரே திருநாட்கு ஆயிற்றென்றும் கூறியுள்ளார். மொழிநூலார் இச்சொல்லைக் கிழக்கு, விடியல் என்னும் பொருளுடைய பழஞ்சொற்களோடும், வடமொழியின் 'உஷஸ்' என்பதோடும் இனமாகக் கருதுகின்றனர். அருணாசலம் என்பதன் பொருளோ செம்மலை. அருணம் விடியற்செம்மையைக் குறிக்கும் சொல். ஆங்கிலர் திருநாளின் பெயரிலும் நம் ஊர் மலையின் பெயரிலும் ஒரு விடியலே உறைகின்றது! அருணோதயம், அருணா, உதயன், உஷா என்னும் பெயர்களைத் தேடி நாம் கடல் கடத்தல் வேண்டுவதில்லை.

"சைவர் போற்றும் மலையின் பெயர்ச்சொல் நமக்கு ஆகுமோ?" எனச் சிலர் ஐயுறலாம். அருணோதயம் என்னும் சொல் தமிழ் வேதாகமத்தின் உன்னதப்பாட்டிலேயே வந்துள்ளது. அன்றியும், 1858-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்று, இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய புலவர், ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களை ஏற்றும் கிருஷ்ண பிள்ளை என்னும் பெயரை நீத்தாரல்லர். உலகம் அவரை அறிவதும் அப்பெயராலேயே. மூதாட்டியின் நாவிற் சிக்கும் பெயரும், அண்டை வீட்டார் அழைக்கக் கூசும் பெயரும் பிள்ளையைத் தன் ஊரிலேயே அந்நியனாக்கிவிடும். விசுவாசம் வேறு, அயன்மை வேறு.

முதல் ஈஸ்டர்க் காலையை நினைமின். இருளோடே கல்லறைத் தோட்டத்திற்கு வந்த மகதலேனா மரியாள், எதிர்நின்ற ஆண்டவரைத் தோட்டக்காரனென்று மயங்கினாள். அவர் அவள் பெயர் சொல்லி அழைத்தார், அக்கணமே அறிந்துகொண்டாள். அவள் துயர் நீங்கியது நெடிய விளக்கத்தாலன்று; தன் வீட்டார் நாளும் வழங்கிய, தனக்கு நன்கு பழகிய பெயரைக் கேட்டதனாலேயே. ஆதலின் பெற்றோர்காள், அழைத்த மாத்திரத்தில் பிள்ளை மகிழ்ந்து திரும்பிப் பார்க்கும் பெயரையே இடுவீராக.