ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு: பாதுகாப்பான உடலுறவும் இலவச இரத்தப் பரிசோதனையும்

காணியைத் துப்புரவாக்குவது, கிணறு இறைப்பது, வீட்டுத் திட்டத்துக்குப் பதிவது, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பது என்று ஊர் திரும்பியதும் செய்யவேண்டிய வேலைகள் பல. அந்த வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கணவனும் மனைவியும் ஒருமுறை சேர்ந்து போய் இரத்தப் பரிசோதனை செய்வது. அதன் முடிவு தெரியும்வரை உடலுறவின்போது ஆணுறை பாவிப்பது.

இதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வெட்கம்தான். ஆனால் வெட்கத்தால் பிந்திய சிகிச்சை பிள்ளைப்பேற்றையும், சிலவேளை உயிரையும் பாதிக்கிறது. ஆகவே தேவையான விடயங்களை இங்கே நேராகவே எழுதியிருக்கிறோம்.

ஏன் இப்போது?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. சிலர் நலன்புரி நிலையங்களிலும், சிலர் உறவினர் வீடுகளிலும், சிலர் வன்னியிலும், சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருந்தார்கள். உழைப்புக்காகக் கணவனோ மனைவியோ மத்திய கிழக்குக்குப் போன குடும்பங்களும் உண்டு. 2009க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாகத்தான் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் மக்களிடம் திரும்பக் கிடைத்தது. அதனால் பல தம்பதியர் பல வருடப் பிரிவுக்குப் பிறகே ஒரே கூரையின் கீழ் சேர்கிறார்கள். துணையை இழந்த சிலர் மறுமணம் செய்கிறார்கள்.

அந்த வருடங்களில் யாருக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. சிலர் இன்னொரு உறவில் இருந்திருக்கலாம். சிலர் வன்முறைக்கு ஆளாகி, அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கலாம். பரிசோதிக்கப்படாத இரத்தம் ஏற்றப்பட்டோ, ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதாலோ சிலருக்குத் தொற்று வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் மருத்துவம் ஒன்றுதான். காலத்தோடு கண்டுபிடித்தால் சில நோய்களை முற்றாக மாற்றலாம், மற்றவற்றைக் கட்டுப்படுத்தி வைக்கலாம்.

ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது

பாலியல் தொற்று உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேலைக்குப் போவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள், நோயாளி போலவே தெரியமாட்டார்கள். தங்களுக்குத் தொற்று இருப்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆணுறை இல்லாத ஒரேயொரு உடலுறவிலும் நோய் தொற்ற முடியும்.

கொனோரியா, கிளமிடியா: ஆண்களுக்குச் சலம் கழிக்கும்போது எரிவும் ஆணுறுப்பிலிருந்து சீழும் வரலாம். பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கிருமி உள்ளே பரவி, கருக்குழாய்களை அடைத்துப் பிள்ளையில்லாமல் செய்துவிடக்கூடும். இரண்டையும் மருந்தால் முற்றாக மாற்றலாம்.

சிபிலிஸ்: முதலில் பாலுறுப்பிலோ வாயிலோ நோவில்லாத ஒரு புண் வரும். சில கிழமைகளில் மருந்தில்லாமலே அது ஆறிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். புண் ஆறினாலும் கிருமி இரத்தத்தில் இருக்கும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகள் வரலாம். பல வருடங்களுக்குப் பிறகு இருதயத்தையும் மூளையையும் தாக்கலாம். பெனிசிலின் ஊசியால் இது மாறும்.

எச்.ஐ.வி.: உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்ல அழிக்கும் வைரஸ் இது. பல வருடங்களுக்கு அறிகுறி இல்லாமலே இருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் எயிட்ஸ் நிலைக்குப் போகும். இலங்கையர் ஒருவரில் இது முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது. முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆனால் நாளாந்தம் எடுக்கும் மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒழுங்காக எடுப்பவர் நீண்ட காலம் வாழ்கிறார், வேலை செய்கிறார். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்கும் தொற்றாது.

ஈரலழற்சி பி: ஈரலைப் பாதிக்கும் வைரஸ். உடலுறவாலும் இரத்தத்தாலும் பரவும். இதற்குத் தடுப்பூசி உண்டு.

பாலுறுப்பு ஹெர்ப்பிஸ்: சிறு கொப்புளங்களும் எரிவும் வந்து வந்து போகும். முற்றாக மாறாது. மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

எச்.பி.வி.: பாலுறுப்பில் உண்ணிகளை உண்டாக்கும் வகைகளும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகளும் உண்டு. அந்தப் புற்றுநோய் உருவாகப் பல வருடங்கள் எடுக்கும். ஆகவே முன்கூட்டியே கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது.

உப்புத்தண்ணீரால் அல்லது டெற்றோலால் கழுவுவது இவற்றில் எதையும் தடுக்காது. பாமசியில் நீங்களாகவே குளிசை வாங்கிப் போட்டால், அறிகுறி மறைந்தாலும் நோய் உள்ளே இருக்கலாம்.

எதனால் தொற்றாது?

ஊரில் ஒரே பொதுக்கிணற்றையும் ஒரே மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பாவிக்கும்போது வீண் பயங்கள் கிளம்புவதுண்டு. கிணற்றுத் தண்ணீரால் எச்.ஐ.வி. தொற்றாது. மலசலகூடம், தேத்தண்ணிக் கோப்பை, ஒரே பாயில் படுப்பது, கட்டியணைப்பது, இருமல், நுளம்புக் கடி எதனாலும் தொற்றாது. தொற்றுள்ள ஒருவரைக் கிணற்றடியிலிருந்தோ பந்தியிலிருந்தோ விலக்கி வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. மற்றவர்கள் பரிசோதனைக்குப் போகப் பயப்படுவதுதான் மிச்சம்.

எங்கே, எப்படிப் பரிசோதிக்கலாம்?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. இது தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தோடு இணைந்து வேலை செய்கிறது. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள், தமது பகுதியில் எங்கே, எந்த நாளில் போகலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

• வேறு வைத்தியரிடம் துண்டு வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. நேரடியாகப் போகலாம்.
• பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
• உங்கள் விபரம் இரகசியமாக வைக்கப்படும். முதலாளிக்கோ, கிராம சேவையாளருக்கோ, உறவினருக்கோ சொல்லமாட்டார்கள்.
• தொற்று வந்த உடனேயே இரத்தத்தில் தெரியாமல் இருக்கலாம். ஆபத்தான உறவு அண்மையில் நடந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 3 மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கச் சொன்னால் தவறாமல் போங்கள். அதுவரை ஆணுறை பாவியுங்கள்.
• நோய் இருப்பதாகத் தெரிந்தால் இருவருக்கும் சிகிச்சை தேவை. ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால், மாறிய நோய் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அங்குள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்திருந்தால் அந்தக் கடதாசிகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே எச்.ஐ.வி. மருந்து எடுத்து வந்தவர்கள், கையில் உள்ள மருந்து முடியும் முன்னரே இங்கே பதிவு செய்யுங்கள். ஒரு நாளும் இடையில் விடக்கூடாத மருந்து அது.

வீட்டில் எப்படிக் கதைப்பது?

“பரிசோதனைக்குப் போவம்” என்ற சொல் “உம்மில் சந்தேகம்” என்று கேட்டுவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் ஒருவரை மற்றவர் அனுப்பிவைக்காமல், இருவரும் சேர்ந்து போவது நல்லது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“இஞ்சாருங்கோ, ஊருக்கு வந்திட்டம். ரெண்டு பேரும் ஒருக்காப் போய் இரத்தம் குடுத்துப் பாப்பம். திரும்பி வாற எல்லாரையும்தானே செய்யச் சொல்லியிருக்கினம்.”

“உம்மில சந்தேகம் இல்லை. நானும் செய்யிறன், நீரும் செய்யும். பிறகு ரெண்டு பேருக்கும் நிம்மதி.”

இந்தக் கையேட்டைக் காட்டி, “இதில போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ” என்று சொன்னாலும் போதும். கதைத்தால் அடிப்பார் என்று பயப்படும் நிலையில் இருப்பவர்கள் தனியாகப் போய்ப் பரிசோதிக்கலாம். துணையிடம் எப்படிச் சொல்வது என்று அங்கே ஆலோசனை கேட்கலாம்.

ஆணுறையைச் சரியாகப் பாவித்தல்

கருத்தடைக் குளிசை, ஊசி, லூப் ஆகியவை கர்ப்பத்தைத் தடுக்கும், நோயைத் தடுக்கா. இரண்டையும் தடுப்பது ஆணுறை. பாமசிகளில் வாங்கலாம். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்திலும், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

1. பக்கற்றில் காலாவதித் திகதியைப் பாருங்கள். பல்லாலோ கத்தரிக்கோலாலோ கிழிக்காமல் கையால் திறவுங்கள்.
2. ஆணுறுப்பு விறைத்த பின், உடலுறவு தொடங்க முன்னரே அணியவேண்டும். நுனியைக் காற்றில்லாமல் பிடித்துக்கொண்டு அடிவரை உருட்டுங்கள்.
3. முடிந்தவுடன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுங்கள்.
4. ஒன்றை ஒரு தடவை மட்டும் பாவியுங்கள். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடாதீர்கள்.
5. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் பூசாதீர்கள். எண்ணெய் பட்டால் இறப்பர் பழுதாகிக் கிழியும்.
6. வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழும், நாட்கணக்காகப் பேர்சுக்குள்ளும் வைக்கவேண்டாம். நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.
7. பாவித்ததைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடுங்கள் அல்லது குழியில் புதையுங்கள். மலசலகூடத்துக்குள் போட்டால் அது அடைத்துக்கொள்ளும்.

கர்ப்பமாக இருந்தால்

கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். வீட்டு இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை, தற்காலிகக் கொட்டிலில்தான் இருக்கிறோம் என்று காத்திருக்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் கர்ப்பவதிகளின் இரத்தம் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதிக்கப்படுகிறது. சிபிலிஸுக்குச் சிகிச்சை எடுக்காவிட்டால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம். நேரத்தோடு தெரிந்தால் மருந்து மூலம் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் வழங்கியது. தாய்மார் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்ததால்தான் அது நடந்தது. பதியாமல் விடுபடும் தாய்க்கும் பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு

2017 முதல் இலங்கையில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலை மூலம் வழங்கப்படுகிறது. வேறு இடத்திலிருந்து வந்து இடையில் சேர்ந்த பிள்ளை அதைத் தவறவிட்டிருக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தாய்மார் 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

பருவ வயதுப் பிள்ளைகளிடம் இவற்றைப் பேசினால் கெட்டுப்போவார்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பேசாவிட்டால் கைத்தொலைபேசியில் பார்ப்பதை நம்புவார்கள். 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளையுடன் உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், இலங்கைச் சட்டப்படி வல்லுறவுக் குற்றம் என்பதை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

விருப்பமில்லாமல் நடந்திருந்தால்

யாராவது வற்புறுத்தி உடலுறவு கொண்டிருந்தால் குற்றம் அவருடையது, உங்களுடையதல்ல. உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு முந்திப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசரக் குளிசையும் அப்படித்தான். முடிந்தால் குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் போங்கள். முதலில் பொலிசுக்குப் போய்விட்டுத்தான் சிகிச்சைக்குப் போகவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். 72 மணித்தியாலம் கடந்திருந்தாலும் போங்கள். மற்றைய தொற்றுகளுக்கு அப்போதும் சிகிச்சை உண்டு.

பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. பெண்கள் 1938 என்ற இலக்கத்திலும், சிறுவர்களுக்காக 1929 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம். பொலிஸ் அவசர அழைப்பு 119.

வரும் கிழமைக்குள் செய்யவேண்டியவை

• இருவரும் போவதற்கு வசதியான ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்.
• பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறை பாவியுங்கள்.
• வீட்டில் கர்ப்பவதி இருந்தால் அவரைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள்.
• பழைய வைத்தியக் கடதாசிகளை எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நோய் எதுவும் இல்லை என்று முடிவு வந்தால் மனப்பாரம் இறங்கும். ஏதாவது இருந்தால், மருந்து எடுக்கத் தொடங்குவதற்கு நேரம் கிடைக்கும்.