பெறுவதும் சேர்ப்பதும்



சாந்தோம் கடற்கரை மணலில் நண்டு ஓடக் காண்கிறோம். தொல்காப்பிய மரபியல், நத்தைக்குத் தொடுவுணர்வும் சுவையும் ஆகிய ஈரறிவைக் கூறுகிறது. எறும்புக்கு மோப்பத்தைக் கூட்டி மூவறிவாக்குகிறது. நண்டுக்குப் பார்வையையும் சேர்த்து நான்காக்குகிறது. முற்படியில் உள்ளவை அடுத்த படிக்கு அப்படியே வருகின்றன. புதியது ஒன்றே சேர்கிறது.

கணினி நிரலில் ‘மரபுரிமம்’ என்பதும் இத்தகையதே. நார்வே நாட்டு அறிஞர்களான டாலும் நைகார்டும் 1967-இல் அளித்த சிமுலா 67 மொழியில் இம்முறை தோன்றிற்று. பொருள்களுக்குரிய வார்ப்பே இனக்குழு. ‘உயிரி’ என்னும் தாய் இனக்குழுவில் ‘நகர்’ என்னும் செயற்கூறினை ஒருமுறை எழுதினால் போதும். ‘நண்டு’ என்னும் சேய் அதனைத் திரும்ப எழுதாமலே பெறும். நண்டு பக்கவாட்டில் நடப்பது. ஆதலின் அச்செயற்கூறினைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

ஆயினும், தாயில் நேர்ந்த பிழை சேய்கள் அனைத்துக்கும் செல்லும். ஆகவே, உறவு அமைக்குமுன் ஆராய்க. நண்டு ஓர் உயிரி. எனவே உயிரி அதற்குத் தாயாகலாம். நண்டுக்கு ஓடு உண்டு. அதனால் ஓடு தாயாகிவிடாது, அஃது உறுப்பே. ‘இன்னது ஆகும்’ என்பதற்கும் ‘இன்னது உடையது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவரே செம்மையான நிரல் எழுதுவர்.